பட்டாணியின் முழங்கை மடிப்பு

அக்காவின் நகக்கண்களைப் பார்த்தால் அன்றைக்குக் கடையில் என்ன விற்றது என்று சொல்லிவிடலாம். நீலம் ஒட்டியிருந்தால் யாரோ குளியலறைக்கு அடிக்கப் போகிறார்கள். மஞ்சள் என்றால் பள்ளிக்கூடம். சாம்பல் என்றால் ஏதோ அலுவலகம். அன்று அக்கா கொஞ்சம் அலுப்பாகத்தான் வீடு திரும்புவாள்.

பதினோரு வருடமாக ஒரே பெயின்ட் கடையில் நிறம் கலக்கிறாள். யாராவது ஒரு பழைய பொத்தானையோ, கதவிலிருந்து பெயர்ந்த சில்லையோ கொண்டுவந்து "இதே கலர் வேணும்" என்பார்கள். அக்கா அதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் இமைக்காமல் பார்ப்பாள். பிறகு பேஸ் என்கிற வெள்ளை வாளியைத் திறந்து, ஸ்டெய்னர் என்கிற கெட்டியான நிறக்கூழைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். கலக்க இயந்திரம் வந்த பிறகும் முதலாளி அவளை அனுப்பவில்லை. "மெஷின் கலக்கும், பார்க்காது" என்பார். ஸ்டெய்னரை யாரும் நேராகச் சுவரில் பூசுவதில்லை. "அவ்வளவு காரம் சுவருக்கே ஆகாதுடா. எதுவா இருந்தாலும் பேஸுக்குள்ள போய்த்தான் வரணும்" என்று ஒருமுறை எனக்கு விளக்கினாள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

வேலை கிடைத்ததிலிருந்து நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். மூன்றாவது மாடி, மூன்று அறை. அக்கா, அத்தான், அத்தானின் அப்பா, அக்காவின் மகள், நான். மகளுக்கு ஆறு வயது. பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் பட்டாணி. இப்போது குச்சியாகிவிட்டாள், பெயர் மட்டும் உருண்டையாகவே இருக்கிறது.

பட்டாணிக்கு இரண்டு வயதிலிருந்து கரப்பான். இரண்டு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கழுத்திலும் சிவந்து, தடித்து, சில நாள் நீர் கோத்து, சில நாள் சொரசொரவென்று உலர்ந்து கிடக்கும். தூக்கத்தில் சொறிவாள். சுவருக்கு அந்தப்பக்கம் படுத்திருக்கும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். யாரோ விடாமல் ஒரு தாளைக் கசக்குவது போல.

இந்த வருடம் மே மாதத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரிடம் காட்டினார்கள். அந்த அம்மா ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி போனபோது துணைக்கு நானும் போனேன். டாக்டர் பட்டாணியின் கையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலையும் மாலையும் போடறீங்களா?"

"போடறேன் டாக்டர். ஒரு நாள்கூட விட்டதில்ல."

"அப்படின்னா இந்நேரம் அடங்கியிருக்கணுமே." பேனா மூடியை உதட்டில் தட்டினார். "அடுத்தது மாத்திரைதான். கொஞ்சம் ஸ்ட்ராங். உடம்போட எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கும். மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பார்க்கணும். ஆறு வயசுக்கு அதை நான் ஆசைப்பட்டு எழுதல. ஆறு வாரம் பார்க்கலாம். அப்பவும் இதே மாதிரி இருந்தா ஆரம்பிச்சுடலாம்." பிறகு தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "வேற ஏதாச்சும் குடுக்கறீங்களா? பூசறீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாள் அக்கா.

பஸ் ஏறினோம். பட்டாணி ஜன்னல் கம்பியில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது நிறுத்தத்தில் அக்கா கேட்டாள்.

"நான் ஏன்டா இல்லன்னு சொன்னேன்?"

"தெரியலக்கா."

"உனக்கு என்னதான் தெரியும்?"

நான் தலையாட்டினேன்.

'வேற ஏதாச்சும்' என்று டாக்டர் கேட்டது எங்கள் வீட்டில் நான்கு ஆள் கனத்துக்கு இருந்தது. முதலாவது, மாமாவின் எண்ணெய். அத்தானின் அப்பாவை நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தபால் நிலையத்தில் கடிதம் பிரித்து ஓய்வுபெற்றவர். தன் முழங்கால் வலிக்கென்று இலைகளை அரைத்து எண்ணெய் காய்ச்சினார், வலி குறைந்ததாக அறிவித்தார், அன்றிலிருந்து அது எல்லாருக்குமான எண்ணெய் ஆகிவிட்டது. "ஏழு இலை. ஆறைச் சொல்வேன். ஏழாவதைச் சொல்லிட்டா வேலை செய்யாது" என்பார்.

இரண்டாவது, அத்தானின் வெள்ளை மாத்திரை. அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒருநாள் ஒரு ஹோமியோபதி டாக்டரோடு அரை மணி நேரம் லிஃப்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். அந்த அரை மணியில் டாக்டர் அத்தானின் தும்மலைப் பற்றி நாற்பது கேள்வி கேட்டாராம். "இருபது வருஷமா என்னை யாரும் அவ்வளவு விசாரிச்சதில்ல" என்று அத்தான் இன்றைக்கும் நெகிழ்வார். தும்மல் நின்றது. அதன்பிறகு வீட்டில் யார் முகம் சுளித்தாலும் அத்தான் சட்டைப்பையைத் தொடுவார்.

மூன்றாவது, முட்டையும் பாலும் கூடாது என்பது. இது அக்காவின் கடையில் பில் போடும் பெண் சொன்னது. அவளுடைய அண்ணன் மகனுக்கு அப்படித்தான் சரியாயிற்றாம். நான்காவது, மாடி டீச்சர். எங்களுக்கு மேல்வீட்டில் இருக்கும் பாட்டு டீச்சர். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து, பட்டாணியைப் படுக்கவைத்து, உள்ளங்கைகளை அவள் உடம்புக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். தொடவே மாட்டார். பத்து நிமிடத்தில் பட்டாணி தூங்கிவிடுவாள். சில நாள் டீச்சரும்.

ஐந்தாவதாக ஆஸ்பத்திரிக் களிம்பு. அதை அக்கா கடையில் சாம்பிள் கொடுக்கும் சின்ன வெள்ளை டப்பாவில் வைத்திருந்தாள். டியூபைவிட விரல் விட்டு எடுக்க அது வசதி என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று மாலை அக்கா எல்லாரையும் சமையலறைக்குக் கூப்பிட்டாள். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தாள்.

"கடையில ஒரு கலவை தப்பா வந்தா நாங்க என்ன பண்ணுவோம்? மேல மேல ஊத்த மாட்டோம். சாம்பிள் போடுவோம். ஒவ்வொரு சாம்பிள்லயும் ஒரு ஸ்டெய்னரை விட்டுட்டுப் போடுவோம். எதை விட்டா நிறம் மாறுதோ, வேலை செய்யறது அதுதான்."

"என் பேத்தி சுவரா?" என்றார் மாமா.

"இல்ல மாமா. சுவரா இருந்தா இந்நேரம் சரி பண்ணியிருப்பேன்."

வாரத்துக்கு ஒன்றை நிறுத்துவது. ஞாயிறு காலை பத்து மணிக்கு, சமையலறை ஜன்னலோரம், ஒரே வெளிச்சத்தில், பட்டாணியின் இடது முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் கடையின் ஷேடு கார்டை, அதாவது நிறக் கட்டங்கள் அச்சடித்த அட்டையை, வைத்துப் பார்ப்பது. சிவப்புக்கான அட்டையில் இருபத்துநான்கு கட்டம். ஒன்று, கண்ணுக்கே தெரியாத ரோஜா வெளுப்பு. இருபத்துநான்கு, உறைந்த ரத்தம். அன்றைக்குப் பட்டாணி பதினேழில் இருந்தாள். அதன் பெயர் 'செங்கல் சூளை'. பட்டாணிக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. "நான் செங்கல் சூளை!" என்று வீடு முழுக்க ஓடினாள்.

"ஆறு வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள எதுன்னு தெரியணும். தெரியலன்னா அந்த மாத்திரை" என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

முதல் வாரம் எண்ணெயை நிறுத்தினோம். மூன்றாம் நாள் நான் குளித்துவிட்டு வரும்போது பால்கனியில் மாமா பட்டாணியின் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏழு இலை வாசனை. காதோரம் வழிந்து, கழுத்தில் இறங்கி, அங்கிருந்து மாமாவின் விரல் அதைத் தற்செயலாக முழங்கை வரை கொண்டுபோனது.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். "தலைக்குத்தான். தலையைப் பத்தி அவ தாள்ல ஒண்ணும் எழுதல."

நான் தலையாட்டினேன்.

"நீ நல்ல பையன். உன்கிட்ட ஒண்ணு சொன்னா கிணத்துல போட்ட மாதிரி" என்றார் மாமா. ஞாயிற்றுக்கிழமை கட்டம் பதினேழு.

இரண்டாவது வாரம் வெள்ளை மாத்திரை. திங்கள் காலை, பட்டாணியின் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலை அத்தான் வெளிச்சத்தில் பிடித்துக் குலுக்குவதைப் பார்த்தேன். அத்தானும் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"பாரு மாப்ள, நாலு மாசமா உள்ள போய்க்கிட்டு இருக்கு. திடீர்னு நிறுத்தினா? ஓடற லிஃப்டோட கரன்ட்டைப் பிடுங்கற மாதிரி. அப்படியே நடுவுல நிக்கும்." பிறகு சட்டைப்பையிலிருந்து இன்னொரு சின்னக் குப்பியை எடுத்து என் கையில் வைத்தார். "இது உனக்கு. கூச்சத்துக்கு. நாலு நாலா நாக்குக்கு அடியில வை. உன்னைப் பத்தி டாக்டர்கிட்ட விவரமா சொல்லித்தான் வாங்கியிருக்கேன்."

என்னைப் பற்றி விவரமாக என்ன சொன்னார் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். கட்டம் பதினேழு.

மூன்றாவது வாரம் நிறுத்துவதையே நிறுத்துவது. அதாவது, முட்டையும் பாலும் கொடுப்பது. தட்டில் அவித்த முட்டை வைத்ததும் பட்டாணி அதைப் பாம்பைப் போல் பார்த்தாள். அக்கா தண்ணீர் எடுக்கத் திரும்பிய நொடியில் முட்டை என் தட்டில் இருந்தது.

"சாப்பிடு. நான் சாப்பிட்டா எனக்கு அரிக்கும்" என்றாள் பட்டாணி. கண்கள் நிறைந்திருந்தன. யாரோ வேகமாக மென்றார்கள். நான்தான். அந்த வாரம் முழுக்க எனக்குத் தினம் இரண்டு முட்டை. பால் பூந்தொட்டிக்குப் போனது. கட்டம் பதினேழு, அல்லது பதினாறரை. அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டுப் பதினேழு என்றே எழுதினாள். நான் உண்மையைச் சொல்லக்கூடிய இடம் அதுதான். மாமாவைக் காட்டிக்கொடுக்காமல், அத்தானைக் காட்டிக்கொடுக்காமல், என் முட்டையை மட்டுமாவது ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் சொன்னால் அழப்போகிறவள் பட்டாணி. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

நான்காவது வாரம் மாடி டீச்சரிடம் அக்கா நேரில் போய், மரியாதையாக, ஒரு வாரம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். டீச்சர் வருத்தப்படவே இல்லையாம். மறுநாள் மாடிப்படியில் என்னைப் பார்த்தபோது ரகசியமாகச் சிரித்தார்.

"குழந்தை ராத்திரி தூங்கிச்சா?"

"தூங்கினா டீச்சர்."

"தூங்காம? ஏழு மணிக்கு அவ படுக்கைக்கு நேர் மேலதான் எங்க சோபா. உக்காந்து கீழ பார்த்துக் கையை வெச்சேன். நடுவுல ஒரு கான்கிரீட் தானே தம்பி. அதுக்கெல்லாம் இது நிக்காது."

இதை எப்படி நிறுத்துவது என்று எனக்குப் புரியவில்லை. அக்காவின் தாளில் இதற்குக் கட்டமே கிடையாது. பதினேழு.

ஐந்தாவது வாரம் களிம்பு. இதற்குத்தான் எல்லாருமே பயந்தார்கள். களிம்பை நம்பாத மாமாகூட, "அதை மட்டும் நிறுத்தாம விட்டுடலாமே" என்றார். அக்கா வெள்ளை டப்பாவை எடுத்து, டேப் ஒட்டி, அலமாரி மேல் தட்டில் வைத்தாள். அந்த வாரம் பட்டாணி பள்ளியிலிருந்து வந்ததும் மாற்றி மாற்றி அவள் சட்டைக் கையை மடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். புதனன்று ஒன்றுமில்லை. வெள்ளியன்றும் ஒன்றுமில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் ஐந்து தலைகள் ஒரு முழங்கையின் மேல் குனிந்தன.

பதினேழு.

"இப்ப என்ன அர்த்தம்?" என்றார் அத்தான்.

அக்கா ஷேடு கார்டை மூடினாள். "எதை எடுத்தாலும் நிறம் மாறல. அப்போ எதுவுமே வேலை செய்யலியா, இல்ல எல்லாம் ஒண்ணுக்கொண்ணு முட்டுக் குடுத்து நிக்குதா? பதினோரு வருஷத்துல இப்படி ஒரு கலவையை நான் பார்த்ததில்ல."

எனக்கு அவளைவிடக் குழப்பம். நான்கு விஷயம் நிற்கவே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். நேர்மையாக நின்றது களிம்பு ஒன்றுதான். அதை நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் ஆஸ்பத்திரிக் களிம்புதான் வெறும் வெண்ணெயா? எண்ணெயும் மாத்திரையும் முட்டையும் மேலிருந்து இறங்கும் உள்ளங்கைகளும்தான் அவளைப் பதினேழிலேயே பிடித்து வைத்திருக்கின்றனவா? நான் வாயைத் திறந்தால் களிம்பின் மேல் பழி. களிம்பு போனால் மாத்திரை. வாயைத் திறக்காவிட்டாலும் மாத்திரை. மனதைத் திருப்ப அன்று கவிதைப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்தேன். பட்டாணி வந்து அதன் மேல் உட்கார்ந்தாள். எப்படியும் ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை.

அந்த வியாழக்கிழமை அக்கா வழக்கம்போல ஊசிக்காரரிடம் போய்விட்டு வந்தாள். இருபது லிட்டர் வாளிகளைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு வலி. கடைத்தெருவில் ஒருவர் முடி போன்ற ஊசிகளை முதுகில் குத்தி அரை மணி நேரம் படுக்கவைப்பார். திரும்பி வரும்போது அக்கா முகம் கழுவிய மாதிரி இருக்கும்.

"அக்கா, உன் ஊசியை நிறுத்திப் பார்த்தியா?" என்றேன். எப்படியாவது பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்றுதான்.

"அது வேறடா" என்றாள் உடனே. பிறகு, "எப்படி வேறன்னு கேட்காதே" என்றாள்.

ஆறாவது வாரக் கடைசியில் ஆஸ்பத்திரி. அக்கா, பட்டாணி, நான். அக்காவின் மடியில் ஒரு நோட்டு. அத்தான் வாசல் வரை வந்து என் தோளைத் தட்டி, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். போட்டேனா என்று எனக்கே நினைவில்லை.

டாக்டர் கையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "அப்படியேதான் இருக்கு."

"டாக்டர், போன தடவை நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. நோட்டை விரித்து மேசையில் வைத்தாள். நான்கு விஷயத்தையும் சொன்னாள், வாரக்கணக்கையும் கட்டங்களையும் காட்டினாள். "ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்த்துட்டேன். உங்க ஆயின்ட்மென்ட்டையும்தான். எதை நிறுத்தினாலும் ஒரே நிறம். அதனால நீங்க சொன்ன மாத்திரையையே…"

டாக்டர் நோட்டைப் புரட்டினார். முகத்தில் ஒரு மரியாதை வந்தது. "எங்க மாணவர்களே இவ்வளவு ஒழுங்கா எழுத மாட்டாங்க" என்றார். பிறகு மருந்துச் சீட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"நிறுத்தல" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பட்டாணி கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"என்னடா?"

"எதையும் நிறுத்தல அக்கா. மாமா தலைக்குத் தேய்க்கறார், அது கைக்கு வருது. அத்தான் தண்ணி பாட்டில்ல கரைக்கறார். டீச்சர் மேல சோபாவிலிருந்து பண்றாங்க. முட்டையை நான் சாப்பிட்டேன்."

"எல்லா முட்டையுமா?"

"பதினாலு."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அக்கா சிரிக்கவில்லை. நோட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து மூடியிருந்தாள், அது யாருக்கோ தெரிந்துவிடக் கூடாது என்பதுபோல.

"அப்போ ஆயின்ட்மென்ட்?" என்றார் டாக்டர், தன்னைச் சரிசெய்துகொண்டு.

"அது மட்டும் நிஜமா நின்னுச்சு" என்றேன். "ஒண்ணும் ஆகல."

"ஆகியிருக்கணுமே. அஞ்சாவது நாளே பொங்கியிருக்கணும்." டாக்டர் யோசித்தார். "ஒரு டியூப் உங்களுக்கு எத்தனை நாள் வருது?"

"முதல்ல வாங்கினதே இன்னும் இருக்கு டாக்டர். பாதிகூட ஆகல."

"நாலரை மாசமாவா? ரெண்டு கை, ரெண்டு கால், கழுத்து. காலையும் மாலையும். பதினஞ்சு நாள்ல ஒண்ணு காலியாகணும்மா. எப்படிப் போடறீங்க?"

"பேஸ்ல கலந்துதான்."

"எந்த பேஸ்?"

"குழந்தைங்க க்ரீம். வாசனை இல்லாதது." அக்காவின் குரல் கடையில் பேசும் குரலாக இருந்தது. "ஒரு பங்குக்குப் பன்னிரண்டு பங்கு. மாசத்துக்கு ஒருதடவை டப்பாவில கலந்து வெச்சுக்குவேன். அவ்வளவு ஸ்ட்ராங்கானதை நேரா எப்படி டாக்டர்…" அங்கே நின்றுவிட்டாள்.



"யாராச்சும் அப்படிச் சொன்னாங்களா?" டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"யாரும் சொல்லல. அப்படித்தானே பண்ணுவாங்க" என்றாள் அக்கா. நகக்கண்களைப் பார்த்துக்கொண்டாள். அன்று வெள்ளை ஒட்டியிருந்தது.

நிஜமாக நின்றது களிம்பு ஒன்றுதான், அதுவோ நிஜமாக ஆரம்பிக்கவே இல்லை. எனக்கு அது புரிய வெளியே வராண்டா வரை ஆயிற்று.

டாக்டர் திட்டவில்லை. அது அக்காவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். மாத்திரை இப்போது வேண்டாம் என்றார். களிம்பை அப்படியே, கலக்காமல், இரண்டு வாரம். தோலில் எண்ணெய் கூடாது. முட்டையும் பாலும் நிறுத்த வேண்டுமா என்பதை அவர்தான் சொல்வார், வளர்கிற குழந்தை. வெள்ளை மாத்திரையின் சீட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். மாடி டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தார்.

"அவங்க கையை வெச்சா குழந்தை தூங்குதா?"

"தூங்குது."

"தூங்கினா சொறியாது. தூங்கட்டும்."

அன்று சாயங்காலம் அக்கா டியூபிலிருந்து நேராக ஒரு விரல்நுனி அளவு எடுத்தாள். பட்டாணியின் முழங்கைக்கு மேலே அந்த விரல் அப்படியே நின்றது. மாடி டீச்சர் கையை நிறுத்துவது போல.

"நேராவா?" என்றாள் என்னிடம்.

"டாக்டர் சொன்னாங்களே."

"எனக்குத் தெரியும்டா. கை போக மாட்டேங்குது." பிறகு கண்ணை மூடிக்கொண்டு பூசினாள். நிறம் பார்த்தே பிழைக்கிறவள் கண்ணை மூடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டில் விஷயம் தெரிந்தபோது யாரும் யாரையும் கேட்க முடியாத நிலை. மாமா மட்டும், "பதிமூணுல ஒரு பங்கு போக, மீதி பன்னிரண்டு பங்கு வேலையை யாரு பார்த்திருப்பா?" என்று எண்ணெய்ப் புட்டியைத் துடைத்துக்கொண்டே காற்றைக் கேட்டார்.

"மாமா, அதுல குறைஞ்சது ஒண்ணுமில்ல. பதினேழு பதினேழாவேதான் இருந்துச்சு."

"ஏறாம இருந்துச்சே. அதைப் பார்த்தது யாரு?"

அக்கா டியூபின் மூடியைத் திருகினாள்.  அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் ஞாயிறு பதின்மூன்று. இரண்டாவது ஞாயிறு அக்கா ஜன்னலோரம் அட்டையை வைத்து, எடுத்து, கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஆறு. பெயர் 'காலைப் பவளம்'. பட்டாணி முழங்கையை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, கதவு திறந்து மூடுவதுபோல விளையாடினாள். முந்தின இரவு சுவருக்கு அந்தப்பக்கம் தாள் கசங்கவில்லை. அந்த அமைதியில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

"பார்த்தியா!" என்றார் அத்தான்.

"பார்த்தியா!" என்றார் மாமா. இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். மாடி டீச்சர் படியிறங்கி வந்து, முழங்கையைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் எல்லாரையும் மன்னித்தார்.

"களிம்புதான்" என்றாள் அக்கா. "பதினேழு ஆறு வாரமா நகரல. நேராப் போட்டதும் நகர்ந்துச்சு. கண்ணுக்கு முன்னாடி இருக்கு." பிறகு தணிந்து, "அதுதானேடா?" என்றாள் என்னிடம்.

"அதுதான்னு தோணுது" என்றேன். தோன்றியது. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் பட்டாணி முட்டை சாப்பிட ஆரம்பித்திருந்தாள், நன்றாகத் தூங்கினாள், பள்ளியும் விடுமுறை, வெயிலும் தணிந்திருந்தது. இதையெல்லாம் சொல்லி அக்காவை மறுபடி குழப்புவதா என்று யோசித்துச் சொல்லாமல் விட்டேன். இல்லை, சொல்லவேண்டிய நேரத்தில் மறுபடி சும்மா இருந்துவிட்டேனா, அதுவும் தெரியவில்லை.

அக்கா குளிர்பெட்டியிலிருந்து பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டினாள். அதில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பலன் எழுத ஓர் இடம் விட்டிருந்தாள். "இனிமே யாரும் எதையும் நிறுத்த வேணாம். ஒளிக்க வேணாம். டாக்டர்கிட்ட காட்டணும். யார் யார் என்ன எடுத்துக்கறீங்க, யாருக்கு என்ன குடுக்கறீங்க, எல்லாம் இதுல இருக்கணும். பெரியவங்களுதும்தான்."

மாமா எழுதினார்: 'எண்ணெய். என் முழங்கால். பேத்திக்குத் தலை மட்டும்.' கொஞ்சம் யோசித்து ஆறு இலைகளின் பெயரையும் எழுதினார். அக்கா பேனாவைத் திரும்ப வாங்காமல் நின்றாள். மாமா ஏழாவதையும் எழுதிவிட்டு, "இனிமே வேலை செய்யலன்னா என்னைக் கேட்காதீங்க" என்றார். அது நாங்கள் தினமும் சமையலில் போடும் இலைதான். அத்தான் மாத்திரைகளின் பெயரை லிஃப்ட் பாகங்களின் பெயரைப் போலச் சுத்தமாக எழுதினார். டீச்சர், 'தினமும் ஏழு மணி, நேரில் அல்லது மேலிருந்து' என்றார். பட்டாணி ஒரு முட்டையை வரைந்து பக்கத்தில் 'சரி' போட்டாள்.

பேனா என்னிடம் வந்தது.

"நீயும் ஏதோ சாப்பிடறியாமே" என்றாள் அக்கா.

நான் எழுதினேன்: 'வெள்ளை மாத்திரை. கூச்சத்துக்கு.' எழுதும்போதே காது சூடாகியது.

"அன்னைக்கு டாக்டர் முன்னாடி வாயைத் திறந்தியே. அதனாலயா?"

"தெரியலக்கா."

"அன்னைக்குக் காலையில போட்டியா இல்லியா?"

"அதான் ஞாபகம் இல்ல."

"போட்டான்! வாசல்ல கேட்டேன், தலையாட்டினான்" என்றார் அத்தான்.

"அவன் எதுக்குத்தான் தலையாட்டல?" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அக்கா பேனாவை வாங்கி மூடி போட்டாள். ஒரு கை இடுப்பில் இருந்தது. இரண்டடி போனவள் திரும்பி வந்து, மூடியைக் கழற்றி, என் வரிக்குக் கீழே எழுதினாள்: 'நான். வியாழக்கிழமை. ஊசி.' பக்கத்தில் பலன் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் பழைய பொத்தானைப் பார்ப்பதுபோல அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.